முதல் அரியர் விழும் முன்: அரசுப் பள்ளி மாணவருக்கு மென்டராக இருப்பது எப்படி

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் சேர 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. சேர்ந்துவிடுகிறார்கள், முதல் செமஸ்டரைத் தாண்டுவதுதான் பாடு. அப்படிச் சேர்ந்த இருபது பேரை மென்டர் ஆசிரியரான உங்கள் பொறுப்பில் விட்டிருந்தால், முதல் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் உங்கள் வேலை அதிகம்.

"டவுட் இருந்தா வந்து கேளு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். எது புரியவில்லை என்று சொல்வதற்கே ஓரளவு புரிந்திருக்க வேண்டும். இங்கிலீஷில் பேச வேண்டுமோ என்ற கூச்சம் வேறு. நேரத்தை நீங்களே குறியுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்குக் கால் மணி நேரம், கையில் கணக்கு நோட்டோடு. "எப்படிப் போகுது?" என்றால் "நல்லா போகுது சார்" என்றுதான் வரும். அதனால் வகுப்பில் நடத்திய கணக்கு ஒன்றைக் கொடுத்து உங்கள் எதிரிலேயே போடச் சொல்லுங்கள். பேனா எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். அணிகள் பாடத்தில் வரும் ஐகன் வேல்யூ கண்டுபிடிப்பதில் திணறுபவருக்குச் சிக்கல் பெரும்பாலும் அணிக்கோவையை விரிப்பதிலோ முப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பதிலோ இருக்கும். அது பள்ளிப் பாடம். இரண்டு உட்காரலில் சரிசெய்யலாம். தமிழ் வழியில் அணிக்கோவை என்று படித்ததைத்தான் வகுப்பில் டிடர்மினன்ட் என்கிறார்கள் என்பது பிடிபடாமலே சிலர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். யூனிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள், இரு மொழியிலும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வையுங்கள்.

அடுத்தது தேர்ச்சி விதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 வந்தால் பாஸ் என்பது மட்டும் காதில் விழுந்தவர், இன்டர்னலில் 35 வாங்கியதும் இன்னும் 15 போதும் என்று இருந்துவிடுவார். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதாவது 100க்கு எழுதி 60க்கு மாற்றும் தாளில் 45. இன்டர்னல் 20 என்றால் 45ம் பத்தாது, 50 வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கணக்கை அவரே போடட்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ வேறு ரெகுலேஷன் என்றாலோ விதி மாறலாம், உங்கள் கல்லூரியின் ரெகுலேஷனைப் பாருங்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம். ஊரில் வேலை, வீட்டில் விசேஷம் என்று போனவர் மூன்றாம் நாளும் வரவில்லையென்றால் முதலில் மாணவருக்கே போன் செய்யுங்கள். கல்லூரியிலிருந்து போன் என்றாலே பல வீடுகளில் பதறிப்போவார்கள். அப்புறம் அந்த மாணவர் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

பணம்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வரும். உதவித்தொகை வரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு ஒரு பழைய கணக்கோடு இணைந்திருந்தால் பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். உதவித்தொகைப் பட்டியலை மட்டும் வகுப்பில் வாசிக்காதீர்கள். யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார் என்பது நாற்பது பேர் முன்னால் தெரிந்த நாளோடு சிலர் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள்.

துணைக்கு ஒரு சீனியரைச் சேர்த்துவிடுவதானால் டாப்பரைத் தேடாதீர்கள். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, பிறகு எழுதிப் பாஸ் ஆன மூன்றாமாண்டு மாணவர்தான் சரி.

இத்தனைக்கும் பிறகு அரியர் விழுந்தால், ரிசல்ட் வந்த கையோடு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். கடைசித் தேதி சீக்கிரம் முடிந்துவிடும், நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. மறுமதிப்பீடு கேட்காவிட்டாலும் நகல் உதவும். இரண்டு மார்க் கேள்விகள் பத்தில் பாதி காலியாக இருந்தால் பாடமே படிக்கவில்லை. பெரிய கேள்விகள் பாதியில் நின்றிருந்தால் பயிற்சி போதவில்லை. கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை என்றால் நேரம் பத்தவில்லை. அவருக்கு வாரம் ஒரு பழைய வினாத்தாள், மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து.