கடன் பெருகினால் நாடு வளருமா? பல நாட்டுத் தரவில் சோதிக்கும் முறை

பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் கிங்கும் ராஸ் லெவினும் 1993-இல் 80 நாடுகளின் 1960–1989 தரவை ஆராய்ந்து, 1960-இல் நிதித்துறை ஆழமாக, அதாவது பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிடப் பெரிதாக இருந்த நாடுகள் பிறகு வேகமாக வளர்ந்ததைக் காட்டினார்கள். காரணம் எது, விளைவு எது என்பது அதோடு தீரவில்லை. வளர்ச்சி வரும் என்று கணித்து வங்கிகள் முன்பே கடன் கொடுத்திருந்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

முதலில் அளவுகோல். உலக வங்கித் தரவில் 'தனியார் துறைக்கான உள்நாட்டுக் கடன், ஜிடிபியில் சதவீதம்' என்ற தொடரை எடுங்கள். பணப்புழக்க அளவைவிட இது மேல். கடன் யார் கைக்குப் போனது என்பதை ஓரளவு சொல்லும். சில நாடுகளில் பொதுத்துறை நிறுவனக் கடனும் இதில் கலந்திருக்கும், அடிக்குறிப்பைப் பாருங்கள்.

கடன் என்பது ஆண்டிறுதி இருப்பு. ஜிடிபி ஆண்டு முழுவதும் நடந்த உற்பத்தி. பணவீக்கம் கடுமையாக உள்ள நாட்டில் இரண்டையும் நேராக வகுத்தால் விகிதம் பிசகும். சென்ற ஆண்டிறுதிக் கடனையும் இந்த ஆண்டிறுதிக் கடனையும் அந்தந்த ஆண்டிறுதி விலைக் குறியீட்டால் வகுத்துச் சராசரி எடுங்கள். ஜிடிபியை ஆண்டுச் சராசரிக் குறியீட்டால் வகுத்து, பிறகு விகிதம் காணுங்கள்.

வணிகச் சுழற்சியின் ஏற்ற இறக்கம் அடங்க, தரவை 5 ஆண்டுச் சராசரிகளாக மாற்றுங்கள். பிறகு தலா வருமான வளர்ச்சியைக் கடன் விகிதத்தால் விளக்கும் தொடர்புப்போக்குச் சமன்பாட்டை (ரிக்ரெஷன்) மதிப்பிடுங்கள். தொடக்க ஆண்டுத் தலா வருமானத்தின் லாக் (மடக்கை), பள்ளிக் கல்வி, பணவீக்கம், அரசுச் செலவு, வெளிவணிகம் ஆகியவை கட்டுப்பாட்டு மாறிகள், அதாவது வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய பிற காரணிகள்.

காரண காரியத் திசைக்குச் சட்ட மரபு (ஆங்கில, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்காண்டிநேவிய) கருவி மாறியாக, அதாவது கடன் வழியாக மட்டுமே வளர்ச்சியைத் தொடும் என்று கருதப்படும் மாறியாகப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் சட்ட மரபு வேறு வழிகளிலும் வளர்ச்சியைத் தொடலாம். காலப்போக்கில் மாறாததால், ஒவ்வொரு நாட்டின் மாறாத தன்மைகளைக் கணக்கில் கொள்ளும் நாட்டு நிலை விளைவுகளைச் சேர்த்ததும் பயனற்றுப் போகும். அப்போது பலரும், மாறிகளின் முந்தைய கால மதிப்புகளையே கருவிகளாக்கும் சிஸ்டம் ஜிஎம்எம் முறைக்குப் போகிறார்கள். அதில் கருவிகள் எளிதில் பெருகிவிடும். அவற்றின் எண்ணிக்கையை நாடுகளின் எண்ணிக்கைக்குக் கீழே வையுங்கள். கருவிகள் செல்லுமா என்று பார்க்கும் ஹான்சன் சோதனையின் பி-மதிப்பு 1.00-ஐ ஒட்டி வந்தால் மகிழாதீர்கள். கருவிகள் மிகுந்து சோதனை வலுவிழந்ததன் அடையாளம் அது.

நேர்கோட்டோடு நிற்கவும் கூடாது. கடன் விகிதத்தின் வர்க்கத்தையும் சேருங்கள். உதாரணமாக, சமன்பாட்டில் விகிதத்தின் கெழு (பெருக்கெண்) 0.04, வர்க்கத்தின் கெழு −0.0002 என்றால், பலன் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் திருப்புமுனை 0.04 ÷ (2 × 0.0002), அதாவது 100%. பொருளாதார அறிஞர்கள் அர்காண்ட், பெர்க்ஸ், பனிஸ்ஸா மூவரின் ஆய்விலும் ஏறக்குறைய ஜிடிபியின் 100%-ஐத் தாண்டிய பின்பே பலன் எதிர்மறையாகிறது. கடன் 200%-ஐத் தாண்டிய சைப்ரஸ் போன்ற நாடுகளை நீக்கிச் சமன்பாட்டை மறுபடி ஓட்டுங்கள். திருப்புமுனை வெகுவாக நகர்ந்தால், அந்த வளைவை உருவாக்கியது ஓரிரு நாடுகள்தான்.

1990-க்கு முன், பின் என்று தரவைப் பிரித்தும் பாருங்கள். பிந்தைய காலத்தில் உறவு மெலிவதாக ஆய்வுகள் உண்டு. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் தரவில் குடும்பக் கடனும் தொழில் நிறுவனக் கடனும் தனித்தனியே கிடைக்கும் நாடுகளுக்கு இரண்டையும் தனி மாறிகளாக இடுங்கள். வீட்டுக்கடனும் ஆலைக்கடனும் ஒரே எண்ணுக்குள் கிடக்கும்வரை, எந்தக் கடன் உற்பத்தியைக் கூட்டியது என்பது தெரியாது.