அலுமாரிக்குள் சாகும் துவக்கு: கொழும்பு வெக்கையில் காஸ் எயார் கன்னைக் காப்பாற்றுவது எப்படி

"இது எத்தனை வருசம் நிற்கும்?" காஸில் இயங்கும் எயார் கன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். குழலும் டிரிகரும் உங்கள் பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். சாவது உள்ளே காஸை அடைத்துப் பிடிக்கும் நாலைந்து இறப்பர் வளையங்கள், அதாவது சீல்கள். அதுவும் கொழும்பில் அவை சுட்டுச் சுட்டுத் தேய்ந்து சாவதைவிட, சுடாமல் கிடந்து காய்ந்து சாவதுதான் அதிகம். என்னுடைய பிஸ்டலை வெள்ளவத்தை வீட்டில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, அது வந்த ஸ்பொஞ்சுப் பெட்டியோடே அலுமாரியில் வைத்துவிட்டு மூன்று வருடம் மறந்துபோனேன். திறந்து காஸ் குப்பி ஏற்றினால் அரை நிமிடத்தில் முழுக் காஸும் ஸ்ஸ் என்று போய்விட்டது. ஸ்பொஞ்சு தொட்டுக்கொண்டிருந்த பக்கமெல்லாம் கறள்.

ஆக, முதல் வேலை உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது. 12 கிராம் காபனீரொக்சைட்டுக் குப்பி போடுவது ஒரு வகை. குழலை மடக்கி ஏற்றும், உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதிலாக நைதரசன் அடைத்த சிலிண்டர் (காஸ் ராம்) இருப்பது இன்னொன்று. அழுத்திய காற்றைத் தொட்டியில் நிரப்பும் பீசீபீ மூன்றாவது. மூன்றுக்கும் வருத்தம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்குப் போடும் ஒயிலை மற்றதற்குப் போட்டுக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். அனுமதி, லைசன்ஸ் விஷயத்தை வாங்குவதற்கு முன்பே பொலிஸில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பிறகு அலையாதீர்கள்.

குப்பி வகையோடு தொடங்குவோம், ஏனென்றால் நம் ஊர் வெக்கை அதிகமாகப் படுத்துவது இதைத்தான். குப்பிக்குள் காபனீரொக்சைட்டு பாதி திரவமாக இருக்கிறது, அதன் அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 15 பாகையில் ஏறக்குறைய 51 பார் (பார் என்பது அமுக்க அலகு), 20 பாகையில் 57, 30 பாகையில் 72. அதாவது நுவரெலியாக் குளிரில் சோம்பலாகச் சுடும் அதே பிஸ்டல் கொழும்பு மத்தியானத்தில் பாய்ந்து அடிக்கும், சன்னம் விழும் இடமும் மாறும். 31 பாகைக்கு மேல் திரவம் என்று ஒன்றே கிடையாது, அதற்குப் பிறகு சூடு ஏற ஏற அமுக்கம் கிடுகிடுவென்று ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியையோ, குப்பி ஏற்றிய துவக்கையோ விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போகாதீர்கள். நண்பன் ஒருவன் அப்படி விட்டான். அமுக்கம் மிஞ்சி, உள்ளே இருக்கும் சுத்தியலால் வால்வைத் தட்டித் திறக்கவே முடியவில்லை. டிரிகரை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துவக்கு பழுது என்று முடிவுகட்டி விற்கப் போனவனை, நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுச் சுட்டுப் பார் என்று சொல்லி நிறுத்தினேன். அது அவன் அதிர்ஷ்டம். அதே சூட்டில் சீல் பிதுங்கிப்போவதும் உண்டு.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. படபடவென்று பத்து முறை சுட்டால் திரவம் ஆவியாகும்போது குளிர்ந்து அமுக்கம் இறங்கும், சன்னம் கீழே விழும். இது பழுதல்ல. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பத்து வினாடி விட்டாலே சரியாகிவிடும், வால்வும் உறையாது.

குப்பி ஏற்றும்போது அதன் கழுத்து நுனியில் ஒரு துளி ஒயில். காஸ் பாயும்போது அதுவே ஒயிலை உள்ளே ஒவ்வொரு சீலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்கென்றே விற்கும் ஒயில் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான சிலிக்கோன் ஒயில் போதும். ஒவ்வொரு குப்பிக்கும் வேண்டாம், நாலைந்து குப்பிக்கு ஒரு தடவை. திருகை இறுக்கும்போது பலசாலி ஆகாதீர்கள். குப்பி துளைபட்டு ஸ்ஸ் சத்தம் நின்றதும் நிறுத்துங்கள். குறடு வைத்து இறுக்கினால் குப்பி உட்காரும் சீல் தட்டையாகி, அடுத்த குப்பியிலிருந்து ஒழுகத் தொடங்கும். ஒழுகும் துவக்குகள் பாதிக்கு மேல் இந்தக் கைப்பலத்தால் வந்தவை என்பது என் கணிப்பு.

பாதி தீர்ந்த குப்பியோடு மாதக்கணக்கில் வைக்கலாமா? தூசி போகாமல் இருக்கக் கொஞ்சக் காஸ் உள்ளே இருக்கட்டும் என்பது பழைய ஆட்களின் பழக்கம். நான் சம்மதிக்க மாட்டேன். இந்தச் சூட்டில் சீல் எந்நேரமும் 70 பாரைத் தாங்கிக்கொண்டு ஏன் கிடக்க வேண்டும்? சன்னம் இல்லையென்று உறுதிசெய்து, ஆபத்தில்லாத பக்கம் பார்த்துச் சத்தம் அடங்கும்வரை சுட்டுக் காஸைத் தீர்த்துவிட்டு, திருகை மெதுவாகத் தளர்த்திக் குப்பியை எடுங்கள்.

சீல் மாற்றும்போது பயந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. சாதாரணக் கறுப்பு நைட்ரைல் வளையம் காபனீரொக்சைட்டைக் குடித்து ஊதிப்போகும். கழற்றியதும் அளவில்லாமல் பெரிதாகத் தெரியும், திருப்பிப் போட்டால் பள்ளத்தில் உட்காராது. ஒரு இரவு வெளியே வைத்தால் சுருங்கிவிடும். வெடிப்போ கொப்புளமோ இருந்தால் தூக்கி எறியுங்கள். பொலியூரிதேன் வளையம் இந்தக் காஸை நன்றாகத் தாங்கும், ஆனால் அதில் சில வகைகள் ஈரச்சூட்டில் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கரையும், அதனால் வருசத்துக்கு ஒரு தடவை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாற்று வளையத்துக்கு, பழையதைக் கையோடு கொண்டுபோய் உள் விட்டமும் தடிப்பும் அளந்து வாங்க வேண்டும். "கிட்டத்தட்ட சரி" என்றால் கிட்டத்தட்ட ஒழுகும்.

ஒயில் கதைக்கு வருவோம். தையல் மெஷின் ஒயில், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40, இவை எல்லா வீட்டிலும் இருப்பதுதான் பிரச்சினை. தையல் மெஷின் ஒயிலை வெளி இரும்பில் துணியால் தடவலாம், நல்லதே. டபிள்யூடி-40 உள்ளே போகவே கூடாது. தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வையுங்கள்.

காஸ் ராம் துவக்கில் இது விளையாட்டுக் காரியமல்ல. பிஸ்டன் பாயும்போது முன்னால் உள்ள காற்று நசுங்கிக் கடுமையாகச் சூடாகும். அங்கே பெற்றோலிய ஒயில் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பது போல எரியும். பெரிய சத்தம், புகை, கருகிய பிஸ்டன் சீல். அதற்குள் எதையும் ஊற்றாதீர்கள், மடக்கும் பிணைப்பில் கொஞ்சம் கிரீஸ் போதும். சன்னம் போடாமல் வெறுமனே சுடவும் கூடாது, பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை போல நிற்கும் காற்று தப்பிவிட, அது நேரே போய் மோதும். குழலும் உடலும் பொருந்தும் இடத்தில் டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்து, சன்னம் போட்டுச் சுடுங்கள். டிஷ்யூ பறந்தால் அந்தச் சீல் போய்விட்டது. ராம் சிலிண்டர் ஸ்பிரிங் போலத் தளராது, ஆயிரக்கணக்கான தடவை உழைக்கும். ஆனால் மடக்குவது திடீரென்று இலகுவானால் நைதரசன் ஒழுகிவிட்டது, புதிதாக மாற்றுவதுதான் வழி. அதைத் துளைத்தோ வெட்டியோ பார்க்க ஆசைப்படாதீர்கள்.

பீசீபீயின் எதிரி தண்ணீர். நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பால் 200 பார் வரை அழுத்தினால் அந்த ஈரமும் தொட்டிக்குள்தான் போகும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள், இடையிடையே பம்பை ஆற விடுங்கள். சுழியோடிகள் நிரப்பும் உலர்ந்த காற்று இன்னும் நல்லது. ஒட்சிசன் ஒருபோதும் கூடாது, கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும். 10 மீற்றர்ப் போட்டித் துவக்குகளின் காற்றுச் சிலிண்டருக்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிட்ட வருட ஆயுள்தான் கொடுக்கிறார்கள், உடலில் திகதி குத்தியிருக்கும். பழைய துவக்கு வாங்கினால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

குழலை அடிக்கடி கழுவ வேண்டாம். குறி தவறத் தொடங்கும்போது நைலோன் தங்கூசியில் துணித்துண்டைக் கட்டி, ஏற்றும் பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள், துணி வெளுப்பாக வரும்வரை. உள்ளே சுருள் வரி வெட்டிய குழலில் இரும்புக் குண்டு போடாதீர்கள், ஈயச் சன்னம் மட்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரோல்ஸ் கடிக்காதீர்கள்.

வைக்கும்போது ஸ்பொஞ்சுப் பெட்டி வேண்டாம். வியர்வைக் கைரேகையைத் துடைத்து, மெல்லிய ஒயில் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய அலுமாரியில். சன்னம் வேறு இடத்தில். நான் மாதம் ஒரு போயா லீவுக்குத் திறந்து துடைப்பேன், மழைக்காலத்தில் இரண்டு தடவை. இறப்பர் போனால் மாற்றலாம், குழல் உள்ளே கறள் குழி விழுந்தாலோ காஸ் குழாயில் கீறல் தெரிந்தாலோ காசு செலவழிக்காதீர்கள், சுடவும் வேண்டாம்.