தேர்தல் முடிவில் தகராறு: உலக நாடுகளின் அறிக்கைகளைப் படிப்பது எப்படி?

ஒரு நாட்டில் தேர்தல் முடிவை எதிர்க்கட்சி ஏற்க மறுத்தால், இரண்டே நாளில் வெளிநாட்டு அறிக்கைகள் வந்து குவியும். ஒருவர் வாழ்த்துவார், ஒருவர் கவலை தெரிவிப்பார், இன்னொருவர் வாயே திறக்க மாட்டார். இவற்றைப் படிக்க எனக்குக் கைகொடுக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: தேதிக் கோடு போடுங்கள்

வாக்குப்பதிவு, முடிவு அறிவிப்பு, நீதிமன்றத் தீர்ப்பு, பதவியேற்பு ஆகிய நான்கையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிக்கையும் எந்த நாளில் வந்தது என்று அதன்மேல் எழுதுங்கள். கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு. 30ஆம் தேதி அப்போதைய அதிபர் கிபாகி வென்றதாக அறிவித்து, அன்று மாலையே பதவியேற்பையும் முடித்துவிட்டார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை முதலில் வாழ்த்தியது, பிறகு அதிலிருந்து பின்வாங்கியது. முதல் நாள் செய்தியை மட்டும் படித்தவருக்கு இது தெரிந்திருக்காது. அதன்பின் நடந்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் தலைமையில் ஆப்பிரிக்க ஒன்றியக் குழு நடத்திய சமரசப் பேச்சு 2008 பிப்ரவரி 28 அன்றுதான் உடன்பாட்டில் முடிந்தது.

படி 2: பேசுவது யார் என்று பாருங்கள்

அண்டை நாடா, வட்டார அமைப்பா, கடனும் உதவியும் தரும் நாடா, கண்காணிப்புக் குழுவா? அகதிகள் தன் எல்லைக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சும் அண்டை நாடு ஒரு மாதிரி பேசும், அங்கே சுரங்க ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடு வேறு மாதிரி பேசும்.

படி 3: கண்காணிப்பாளர்கள் எதைப் பார்த்தார்கள்?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. முதற்கட்ட அறிக்கை பெரும்பாலும் வாக்குப்பதிவு முடிந்த இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எண்ணிக்கையும் முடிவுகளை மேலே அனுப்பும் வேலையும் அப்போது முடிந்திருக்காது. 2017 ஆகஸ்டில் கென்யாவுக்குப் போன குழுக்கள் வாக்குப்பதிவைப் பாராட்டின. செப்டம்பர் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. முடிவுகளை அனுப்பிய முறையில் நடந்த கோளாறுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே பாராட்டு எதற்கு என்று பாருங்கள்: வரிசையில் மக்கள் அமைதியாக நின்றதற்கா, எண்ணிக்கைக்கா?

இதோடு உள்ளூர்க் குழுக்களையும் தேடிப் படியுங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 டிசம்பர் தேர்தலுக்குக் கத்தோலிக்க ஆயர் பேரவை சுமார் 40,000 கண்காணிப்பாளர்களை நிறுத்தியது. அதிகாரபூர்வ முடிவு தங்கள் தகவலோடு பொருந்தவில்லை என்று பேரவை சொன்னது. இறுதி முடிவை நிறுத்திவைக்கும்படி ஆப்பிரிக்க ஒன்றியம் கேட்டது. சில நாட்களிலேயே அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் முடிவை உறுதி செய்ய, ஒன்றியம் அங்கே அனுப்பவிருந்த தன் தூதுக்குழுவின் பயணத்தைத் தள்ளிவைத்தது. அத்தனை ஆயிரம் பேர் கால்கடுக்க நின்று சேகரித்த கணக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டது உலகம். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

படி 4: சொல்லையும் செயலையும் பிரியுங்கள்

'வாழ்த்துகிறோம்' என்பது அங்கீகாரம். 'முடிவைக் கவனத்தில் கொள்கிறோம்' என்றால் மனமில்லாமல் ஏற்பது. 'எல்லாத் தரப்பும் பொறுமை காக்க வேண்டும்' என்பதில் யார் வென்றார் என்ற பேச்சே இருக்காது.

அப்புறம் செயல். 2010இல் கோட் டிவோரில் (ஐவரி கோஸ்ட்) நடந்த அதிபர் தேர்தலில், எதிர்க்கட்சி வேட்பாளர் வட்டாராவை வென்றவராகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அரசியல் சாசன மன்றம் வடபகுதி வாக்குகள் பலவற்றைச் செல்லாது என்று தள்ளி, அப்போதைய அதிபர் பாக்போவை வென்றவராக அறிவித்தது. முடிவுக்குச் சான்றளிக்கும் பொறுப்பு அங்கே ஐ.நா.விடம் இருந்தது, அது வட்டாராவின் வெற்றியை உறுதி செய்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது மத்திய வங்கியும் நாட்டின் கணக்கைக் கையாளும் உரிமையை வட்டாரா தரப்புக்குக் கொடுத்தது. அப்படியும் பாக்போ நகரவில்லை. 2011 ஏப்ரல் 11 அன்று அவர் பிடிபடுவதற்குள் சுமார் 3,000 உயிர்கள் போய்விட்டன.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

பயிற்சிக்கு காம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 1 அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்ட அப்போதைய அதிபர் ஜாமே, 9ஆம் தேதி முடிவை ஏற்க மறுத்துவிட்டார். 2017 ஜனவரி 19 அன்று, தேர்தலில் வென்ற பாரோ பக்கத்து நாடான செனகலில் இருந்த காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். ஜனவரி 21 அன்று ஜாமே நாட்டைவிட்டு வெளியேறினார். இந்த நான்கு தேதிகளையும் கோட்டில் குறித்து, இடைப்பட்ட நாட்களில் மேற்கு ஆப்பிரிக்க வட்டார அமைப்பான எக்கோவாஸும் ஐ.நா. பாதுகாப்பு அவையும் என்ன சொன்னன, என்ன செய்தன என்று தேடி நிரப்புங்கள்.