சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடிப் பழகிய வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் விதிப் புத்தகத்தில் இருக்கும் ஃபைட்டர், விசார்ட் போன்ற கிளாஸ்கள் (பாத்திர வகைகள்) காணாது. பண்டார வன்னியனைப் போல ஒருவனை மேசைக்குக் கொண்டுவர ஆசை வரும். நல்ல ஆசைதான். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவனின் மண்ணில் இருந்துகொண்டு வீரனை வேறெங்கோ தேடத் தேவையில்லை.

ஆனால் முதல் தவறு அந்தப் பாசத்திலிருந்துதான் வருகிறது. வாள்வீச்சு, படை நடத்தும் திறமை, பதுங்கித் தாக்குதல், காட்டறிவு என எல்லாவற்றையும் முதலாம் லெவலிலேயே (பாத்திரம் வளர வளர ஏறும் படிகளில் முதலாவதிலேயே) அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும், பதுங்கித் தாக்கும் ரோக்குக்கும் காடறிந்த ரேஞ்சருக்கும் செய்ய என்ன மிஞ்சும்? மல்டிகிளாஸ், அதாவது ஒரே பாத்திரம் பல கிளாஸ்களில் லெவல் எடுப்பதை, அனுமதிக்கும் மேசையென்றால் இன்னும் மோசம். ஒரு லெவல் மட்டும் வன்னியனாக இருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு கிளாஸுக்குத் தாவிவிடலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைப்பவர்கள் சிறுபோகத்துக்கு முன்னரே கூட்டம் கூடி யாருக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பது போல, திறன்களையும் மேசையில் இருக்கும் எல்லோரையும் நினைத்துத்தான் பங்கிட வேண்டும். வன்னியனுக்குப் படை நடத்துவதுதான் அடையாளம் என்றால் அதை மட்டும் சிறிய அளவில் முதலாம் லெவலில் கொடுங்கள். மற்றவை மூன்றாம், ஐந்தாம் லெவல்களில் வரட்டும்.

அடுத்த தவறு, சின்ன எண்தானே என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். ‘படைமுழக்கம்’ என்று ஒரு திறன் எழுதுகிறீர்கள்: வன்னியனுக்கு 30 அடிக்குள் நிற்கும் தோழர்கள் எல்லோருக்கும் தாக்குதலில் எப்போதும் +2. முதலாம் லெவல் வீரன் ஒருவனுக்குத் தாக்குதலில் +5 இருக்கும். 2014 விதிகளில் கொப்ளின் என்ற சின்ன எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 15. 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. முழக்கம் இருந்தால் அது 65 ஆகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சேதம், அதுவும் சுற்றியிருக்கும் ஒவ்வொருவருக்கும். இதைப் புத்தகத்தில் இருக்கும் ‘பிளெஸ்’ ஸ்பெல்லோடு (மந்திரத்தோடு) வைத்துப் பாருங்கள். அது சராசரியாக 2.5 கூட்டுகிறது. ஆனால் மூன்று பேருக்குத்தான், ஒரு நிமிடத்துக்குத்தான். அதற்கு ஸ்பெல் ஸ்லொட் (அளவோடு கிடைக்கும் மந்திர வாய்ப்பு) ஒன்று செலவாகும், கான்சென்ட்ரேஷனும் (மந்திரம் கலையாமல் கவனத்தைப் பிடித்து வைத்தல்) வேண்டும். அதைப் போடும் கிளெரிக் (பூசாரி போன்ற கிளாஸ்) அவ்வளவு விலை கொடுத்து வாங்குவதை வன்னியன் சும்மா நின்றே கொடுக்கிறான் என்றால் அந்தக் கிளெரிக்கை ஆடும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இந்த விளையாட்டில் எண்கள் வேண்டுமென்றே குறுகிய எல்லைக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. ப்ரொஃபிஷன்சி போனஸ் (தேர்ச்சிக்காகப் பகடையில் கூட்டும் எண்) 20 லெவல்களிலும் +2இலிருந்து +6 வரைதான் ஏறுகிறது. எனவே நிரந்தரமான +2 என்பது பெரிய கொடை. ஒரு முறைக்கு ஒரு தோழன், அதற்கு வன்னியனின் போனஸ் அக்ஷன் (ஒரு முறையில் செய்யக்கூடிய சின்ன மேலதிகச் செயல்) செலவு என்று மாற்றினால் திறனும் வாழும், கிளெரிக்கும் வாழ்வார்.

ஒப்பிடுவது நல்லது, ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஐந்தாம் லெவல் என்றதும் எல்லோரும் பலரை ஒன்றாக எரிக்கும் ‘ஃபயர்போல்’ ஸ்பெல்லை எடுத்து வைக்கிறார்கள். அதன் சேதம் 8d6 (ஆறு முகப் பகடைகள் எட்டின் கூட்டுத்தொகை), சராசரி 28. ஆனால் டி.எம்.களுக்கான (ஆட்டத்தை நடத்துபவர்களுக்கான) 2014 வழிகாட்டி, அந்த நிலையில் பலரைத் தாக்கும் புதிய ஸ்பெல்லுக்குச் சொல்லும் அளவு 6d6தான், சராசரி 21. வழக்கத்தை மீறிய ஒன்றை அளவுகோலாக வைத்தால் நீங்கள் எழுதுவதெல்லாம் மீறியதாகத்தான் வரும்.

என் பார்வையில் அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது ஓய்வுக் கணக்குதான். ‘லோங் ரெஸ்டுக்கு (இரவுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வுக்கு) ஒரு முறை’ என்று எழுதிவிட்டால் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். அதே வழிகாட்டி ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டைகள் வரலாம் என்று எதிர்பார்க்கிறது. ரியூசன் இல்லாத ஒரு ஞாயிறு பின்னேரம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கூடி மூன்று மணித்தியாலம் ஆடும் குழுவுக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. அங்கே ‘நாளுக்கு ஒரு முறை’ என்பது ‘ஒவ்வொரு சண்டையிலும்’ என்றாகிவிடும். உங்கள் மேசையில் ஒரு சாகச நாளுக்குள் எத்தனை சண்டை வருகிறது என்று டி.எம்.மைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ‘ப்ரொஃபிஷன்சி போனஸ் அளவு தடவைகள்’ என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். அந்த போனஸ் மொத்த லெவலோடு வளர்வது. ஒரு லெவல் மட்டும் எடுத்துவிட்டுப் போனவனுக்கும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

விலை வைக்கத் தெரியாமல் வைப்பதும் உண்டு. உடுக்குச் சத்தத்தில் உரு வந்து ஆடும் ஒருவரைக் கிளாஸாக எழுதினால் அருமையாக இருக்கும். உருவில் இருக்கும்போது இரட்டைச் சேதம், உரு இறங்கியதும் ஒரு மணித்தியாலம் மயக்கம் என்று எழுதுகிறார்கள். கேட்கப் பயங்கரமான விலை. ஆனால் சண்டை முடிந்துவிட்டது, குழு ஷோர்ட் ரெஸ்டுக்கு (சிறு ஓய்வுக்கு) உட்காரப் போகிறது, அதுவும் ஒரு மணித்தியாலம்தான். எதுவும் இழக்கப்படவில்லை. விலை சண்டைக்குள்ளேயே கேட்க வேண்டும்: உருவில் இருப்பவர் பின்வாங்க முடியாது, கிட்ட நிற்பவரைத்தான் தாக்க வேண்டும், உருவில் இருப்பவரைத் தாக்குவோருக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்தல்). அப்போது ஒவ்வொரு முறையும் ‘இப்போது ஆடலாமா’ என்று யோசிக்க வேண்டிவரும்.

கரடி, நாய்க்கூட்டம் என்று துணை மிருகங்களைத் தரும்போது ஒவ்வொன்றுக்கும் தனி முறை கொடுக்காதீர்கள். மற்றவர்கள் காத்திருந்தே களைத்துவிடுவார்கள்.

சேதமே இல்லாத திறனும் சமநிலையைக் கெடுக்கும். ‘காட்டில் வழி தவறமாட்டான், தண்ணீரும் தேனும் எப்போதும் கிடைக்கும்’ என்பது பாதிப்பில்லாதது போலத் தெரியும். ஆனால் காட்டுப் பயணம் முழுவதையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக, இரண்டு வழிகளில் எது கெதியானது, எதில் யானைத் தடம் புதிதாக இருக்கிறது என்று அவனுக்கு மட்டும் தெரியட்டும். எந்த வழி போவது என்று குழு கதைத்து முடிவெடுக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொறி வைக்கும் கிளாஸ் எழுதும்போது, நிலத்தில் புதைத்து வைத்து மிதித்தால் வெடிக்கும் பொறி யாருக்கும் சுலபமாகத் தோன்றும். வன்னியில் மிதிவெடி கற்பனை அல்ல. காலை இழந்த ஒருவர் இருக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அந்த மேசையில் இருக்கலாம். எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும், மேசையில் எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்காமல் இதை வைப்பது தவறு. கண்ணி, வலை, படுகுழி எல்லாம் அதே வேலையைச் செய்யும்.

கடைசியாக, சோதனை. எழுதியவரே ஆடிப் பார்த்தால் ஓட்டைகள் தெரியாது, ஏனென்றால் அவர் நினைத்தபடிதான் ஆடுவார். விதிகளைத் துருவிப் படிக்கும் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஆடவிடுங்கள். முதலாம், ஐந்தாம், பதினோராம் லெவல்களில் ஒவ்வொரு சண்டை போதும். அவரிடம் சேதக் கணக்கைக் கேட்பதோடு நிற்காமல், பக்கத்தில் ஆடியவர்களிடம் ‘உன் முறையில் செய்ய ஏதாவது மிஞ்சியிருந்ததா’ என்றும் கேளுங்கள். அவர்கள் ‘இல்லை’ என்று சொன்னால், திறனைக் குறைத்துவிட்டு அடுத்த ஞாயிறு திரும்ப ஆடிப் பாருங்கள்.