பசுமை டெண்டரும் ஒரு தீக்குச்சியும்

கோத்தகிரிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் புதிதாகக் கொள்முதல் பிரிவுக்கு வந்திருக்கும் தம்பி, போன வாரம் டெண்டர் வரைவைக் காட்டினார். முதல் வரியே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த துணிப்பைகள் 5,000’. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல வருடங்களுக்கு முன்பு நான் எழுதியதும் இதே வரிதான். தேதி விடுபடுவது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடாதது எல்லாம் ஆடிட்டில் கேட்டுவிடுவார்கள். அங்கே கேட்காத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சோதித்துப் பார்க்க முடியாத சொல்

அன்று எங்கள் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், கொடுத்த விலை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. அரசுப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. மூட்டையைப் பிரித்தால் பை சரசரத்தது. துணிக்கு அந்தச் சத்தம் வராது. கிடங்குக் காவலர் ஒரு மூலையில் தீக்குச்சியை வைத்தார். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது சுருண்டு உருகி, மணியாகத் தொங்கியது. நெய்யாமல் அழுத்தி ஒட்டிய பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்.

சப்ளையர் அசரவே இல்லை. “திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே சார், அப்ப உகந்ததுதானே?” என்றார். என்ன நூல், எவ்வளவு கனம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பில் பாஸானது. 2019 ஜனவரி 1-இல் வந்த மாநிலத் தடையில் இந்த நெய்யாத பையும் சேர்ந்தது. எனக்குத்தான் அது தாமதம்.

இன்றும் எரிச்சல் தருவது அந்தப் பையைவிட இன்னொன்று. நிஜமான பருத்திப் பைக்கு நியாயமான விலை கேட்டிருந்த மகளிர் குழு, அடுத்த டெண்டருக்கு வரவே இல்லை.

இப்போது என்றால் இப்படி எழுதுவேன்: நெய்த துணி, 100 விழுக்காடு பருத்தி, பிளாஸ்டிக் பூச்சு கூடாது, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், கைப்பிடி இத்தனை கிலோ தாங்க வேண்டும். முத்திரையிட்ட சாம்பிளோடு ஒத்துப்போனால்தான் சரக்கு ஏற்கப்படும். இல்லாவிட்டால் சப்ளையர் தன் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

“குறைந்த விலைக்குத்தானே சார் கொடுத்தாகணும், சட்டமே அப்படித்தானே?” என்றார் தம்பி. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை முழுசாகப் படித்தால் அப்படி இல்லை. டெண்டர் ஆவணத்தில் சொன்ன, அளந்து பார்க்கக்கூடிய அளவுகோல்களின்படி மதிப்பிட்டுத்தான் குறைந்த விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அளவுகோலை எழுதுவது நாம்தான். எழுதாமல் விட்டுவிட்டுச் சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பைக்கு லட்சக்கணக்கில் டர்ன்ஓவர் கேட்பது

பழைய கட்டிட டெண்டரிலிருந்து அப்படியே ஒட்டிய நிபந்தனை இது. மூன்று வருட டர்ன்ஓவர், அதாவது விற்பனைக் கணக்கு, கேட்டால் தையல் குழுவும் பழங்குடியினர் சங்கமும் வாசலிலேயே நின்றுவிடும். மத்திய அரசு 2012-இல் கொண்டுவந்த ஆணையின்படி, அதன் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். இப்போது அந்த 25-இல் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 விழுக்காடு பெண் தொழில்முனைவோருக்கு. டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையும் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தேவையில்லை. நம் அலுவலகத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று பார்த்துவிட்டுத்தான் நிபந்தனையைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

மலையடிவார மேட்டுப்பாளையம் விலையை ஒப்பிடுவது

லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து, கூடலூரோ குந்தாவோ எங்கே இறக்க வேண்டுமோ அந்த இடத்து விலையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மலையேறும் செலவு தனி பில்லாக வந்து நிற்கும்.

நிதியாண்டு முடியும் மார்ச் மாத அவசரம்

வேண்டாம்.

பணத்தை இழுத்தடிப்பது

குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் எந்தக் கெடு போட்டாலும், சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். நூலைக் கடனுக்கு வாங்கித் தைக்கிறவர்களுக்கு அதுவே நீண்ட காலம்.

தம்பி நேற்று வரைவைத் திருத்தி அனுப்பினார். பருத்தி, கனம், சாம்பிள் எல்லாம் வந்துவிட்டன. ‘உகந்த’ மட்டும் தலைப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.