உங்கள் ஆப்புக்கு எந்த நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்?

நோஎஸ்க்யூஎல் என்றால், டேபிள்களையும் அவற்றை இணைப்பதையும் அடிப்படையாகக் கொள்ளாத டேட்டாபேஸ் வகைகள். மாங்கோடிபியா, ரெடிஸா, கசாண்ட்ராவா என்று தேடுவதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாட் ஆப்பை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

ஆப்பின் ஒவ்வொரு திரையும் டேட்டாபேஸிடம் என்ன கேட்கும்? இந்த அறையில் கடைசியாக வந்த 50 செய்திகள் எவை? இந்தப் பயனரின் விவரம் என்ன? இப்போது ஆன்லைனில் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எவ்வளவு அடிக்கடி வரும் என்று குறியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டேபிள்களைப் போட்டுவிட்டு, பிறகு அவற்றை ஜாயின் செய்து (இணைத்து) புதுக் கேள்வி கேட்கலாம். நோஎஸ்க்யூஎல்லில் பெரும்பாலும் கேள்விதான் டேட்டாவின் அமைப்பையே முடிவு செய்கிறது.

படி 2: கேள்விக்கு ஏற்ற வகையைப் பாருங்கள்

பயனர் விவரம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஒரு ஃபோன் எண், இன்னொருவருக்கு மூன்று. இதற்கு மாங்கோடிபி போன்ற டாக்குமெண்ட் வகை வசதி; ஒவ்வொரு பதிவும் தனக்கென ஓர் அமைப்போடு இருக்கலாம். ஒரு டாக்குமெண்டின் உச்ச வரம்பு 16 எம்பி. அதனால் ஓர் அறையின் எல்லாச் செய்திகளையும் ஒரே டாக்குமெண்டுக்குள் அடுக்க வேண்டாம்.

ஆன்லைன் நிலைக்கு ரெடிஸ். எல்லாம் ரேமில் இருப்பதால் வேகம் அதிகம். ஒரு கீயை (மதிப்பைச் சேமிக்கும் பெயரை) 60 நொடி ஆயுளோடு வைத்தால், ஆப் அதைப் புதுப்பிக்காதபோது தானாகவே மறைந்துவிடும்.

செய்திகள்தான் சிக்கல், அவை வளர்ந்துகொண்டே போகும். சாட் ஆப்பான டிஸ்கார்ட் 2015இல் மாங்கோடிபியில்தான் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் வாக்கில் செய்திகள் 10 கோடியை எட்டின. டேட்டாவும் இண்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) ரேமில் அடங்கவில்லை, பதில் வரும் நேரம் தாறுமாறானது. அப்புறம் கசாண்ட்ராவுக்கு மாறினார்கள். அங்கே சேனல் (அறை) எண்ணும் 10 நாள் காலத்துண்டும் சேர்ந்ததுதான் பார்டிஷன் கீ, அதாவது எந்தச் செய்திகள் ஒரே பகுதியில் (பார்டிஷனில்) சேரும் என்பதை முடிவு செய்வது. ஒரு பரபரப்பான சேனலின் செய்திகள் ஒரே பார்டிஷனில் குவிந்து வீங்காமல் இருக்கத்தான் அந்தத் துண்டு. முதல் படியில் எழுதிய "கடைசி 50" கேள்விக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு பயனர் எழுதிய எல்லாச் செய்திகளும் வேண்டுமென்றால், பெரும்பாலும் தனி டேபிள் போட வேண்டியிருக்கும்.

நண்பரின் நண்பர் யார் என்பதுதான் முக்கியக் கேள்வி என்றால், உறவுகளைச் சேமிக்கும் கிராஃப் டேட்டாபேஸான நியோ4ஜே பாருங்கள்.

படி 3: பணம் வருகிறதா?

ஒரு கணக்கில் கழிவதும் இன்னொன்றில் சேர்வதும் ஒன்றாக நடந்தே ஆக வேண்டுமா? மாங்கோடிபியில் 2018 முதல் பல டாக்குமெண்ட் டிரான்சாக்‌ஷன் உண்டு. ஆனாலும் ஆப்பின் முக்கிய வேலையே அதுவென்றால் நான் எஸ்க்யூஎல் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸைத்தான் சொல்வேன். அதில் டாக்குமெண்ட் போன்ற ஜேசன் வடிவ டேட்டாவையும் நன்றாகவே வைக்கலாம்.

படி 4: போலி டேட்டா போட்டுச் சோதியுங்கள்

ஓராண்டில் சேரக்கூடிய அளவுக்குப் போலி டேட்டாவை ஏற்றி, காகிதத்தில் உள்ள கேள்விகளை ஓட்டுங்கள். மாங்கோடிபியில் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டு, கலெக்‌ஷன் (டாக்குமெண்டுகளின் தொகுப்பு) முழுவதையும் அது தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் இண்டெக்ஸ் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஒரே டேட்டாபேஸ் எல்லாக் கேள்விக்கும் தாங்கினால் அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது வந்தால் பேக்கப், கண்காணிப்பு, அப்டேட் எல்லாமே இரண்டு தடவை.