மருமகன் மோதியது வேறு காடிதான், ஆனாலும் சொல்லணும்: இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எடுத்துத் தரும் ஒரு சின்னக் கடையில் பல வருஷமாக வேலை செய்கிறேன். தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் கடையில் உட்கார நாற்காலி கிடைக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே வாசகம்: “அக்கா, எல்லாம் போன வருஷம் மாதிரியே போட்டுருங்க.”

வம்பு அங்கேதான் ஆரம்பம்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மைவி காடி (கார்) அவர் பெயரில் இருக்கிறது, ஓட்டுநர் பட்டியலில் மருமகன் பெயரும் இருக்கிறது. பாரத்தில் இருந்த கேள்வியை வாசித்துக் காட்டினேன்: உங்களுக்கோ, பெயர் கொடுத்திருக்கும் ஓட்டுநருக்கோ கடந்த வருஷங்களில் விபத்து உண்டா?

“இல்லம்மா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மருமகன் வேலை செய்யற எடத்துல லாரிய கொண்டுபோய் இன்னொரு காடி பின்னாடி விட்டாரு. அது கம்பெனி லாரி. நம்ம மைவிக்கு ஒண்ணும் ஆகல. என்சிடி கூட 55 அப்படியே இருக்கு பாருங்க” என்றார்.

என்சிடி, அதாவது கிளேம் போடாமல் இருந்ததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, பத்திரமாக இருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. என்சிடி காடிச் சொந்தக்காரர் கணக்கு. அவர் பாலிசியில் கிளேம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியார் காடிகளுக்கு 25, 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாவது வருஷத்தில் 55 விழுக்காட்டில் நிற்கும். விபத்து வரலாறோ ஓட்டினவர் கணக்கு. அவர் லாரியில் மோதினாலும், கூட்டாளி காடியில் மோதினாலும், பாரம் ‘ஓட்டுநருக்கு விபத்து உண்டா’ என்று கேட்டால் பதில் ‘உண்டு’தான். மைவியின் என்சிடி அதனால் ஒரு காசு குறையாது. பிரீமியம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2017 ஜூலை 1 முதல் கம்பிரிஹென்சிவ் பாலிசிக்கு (நம் காடியின் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு தருவது) கம்பெனிகளே விலை வைக்கலாம் என்றான பிறகு, யார் ஓட்டுகிறார் என்பதற்கும் விலை உண்டு.

இதைத் திருப்பிப் போட்டும் குழம்புகிறார்கள். மருமகன் உங்கள் மைவியைக் கொண்டுபோய் இடித்து, உங்கள் பாலிசியில் கிளேம் போனால், கரைவது உங்கள் என்சிடிதான். “நான் ஓட்டலையே” என்று என்னிடம் கோபப்பட்டுப் பயனில்லை. தப்பு முழுக்க எதிர்க் காடிக்காரருடையது என்று போலீஸ் விசாரணையில் முடிவாகி, ‘நாக் ஃபார் நாக்’ முறையில் உங்கள் கம்பெனியிடமே பழுது பார்த்தால் என்சிடி போகாது. தனியாகக் காசு கட்டிச் சேர்த்த முன் கண்ணாடிக் காப்பீட்டில் கிளேம் போட்டாலும் போகாது.

சரி, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இதற்குப் பதில் இருக்கிறது. கம்பெனி குறிப்பாகக் கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது நம் கடமை. புதுப்பிக்கும்போது பழைய விவரத்தை உறுதி செய்யவோ திருத்தவோ சொன்னால் அதுவும் கேள்விதான். வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் பாலிசியையே இல்லை என்றாக்கி, கிளேமை மறுக்கலாம். கவனக்குறைவு என்றால் கணக்கு வேறு. உண்மையைச் சொல்லியிருந்தால் 1,000 ரிங்கிட் பிரீமியம் வந்திருக்கும், நீங்கள் கட்டியது 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ரிங்கிட் பழுதுக்கு 8,000தான் கிடைக்கும். 200 மிச்சம் பிடிக்கப் போய் 2,000 கையை விட்டுப் போகும்.

அதனால், புதுப்பிக்கும் முன் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிற மகனாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் அவன் மறைத்தான் என்பது ஒரு நிலைமை, நீங்கள் கேட்கவே இல்லை என்பது வேறொரு நிலைமை. ‘நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தீர்கள்’ என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும்.

தேதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். “தீபாவளிக்கு முந்தி, இல்ல தைப்பூசமா?” என்பார்கள். போலீஸ் ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது, அதைப் படம் எடுத்து வாருங்கள். எத்தனை வருஷத்து விபத்தைக் கேட்கிறார்கள் என்பதும் பாரத்திலேயே இருக்கும். மூன்று வருஷம் கேட்டால் பத்து வருஷக் கதை வேண்டாம்.

எங்களைப் போன்றவர்களையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் கேள்வியை வாசிக்காமலே ‘இல்லை’யைத் தட்டிவிடுகிற கை எங்கள் பக்கமும் இருக்கிறது. பாரத்தில் நிற்பது உங்கள் பெயர். பணம் கட்டும் முன் ஒரு நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு தந்திரம்: “அப்ப அவர் பேரையே எடுத்துருங்க.” எடுத்துவிட்டு, அவரே தினமும் ஈப்போவுக்கு அந்தக் காடியில்தான் வேலைக்குப் போவார். சாதாரண பாலிசியில், பட்டியலில் இல்லாதவர் ஓட்டி மோதினால் முதல் 400 ரிங்கிட் உங்கள் பையிலிருந்து. (பெயர் இருந்தாலும் 21 வயது ஆகாதவருக்கும் ‘பி’ லைசென்ஸ்காரருக்கும் (புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்) அதே 400.) அது சின்ன விஷயம். தினமும் ஓட்டுவது யார் என்று கேட்டு நீங்கள் தப்பாகச் சொல்லியிருந்தால், மேலே சொன்ன சட்டம் இங்கேயும் வந்து நிற்கும்.

அப்புறம் நம் ஊர் ‘செட்டில்’. ஓரமாக நிறுத்தி, 300 ரிங்கிட்டைக் கையில் கொடுத்து, பலாய்க்கு (போலீஸ் நிலையம்) போகாமலே முடித்துக்கொள்வது. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். வழக்கமான பாலிசி, கம்பெனிக்கு ஏழு நாளில் தகவல் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தால் முப்பது நாள். கை குலுக்கிப் போனவர் மறுநாள் கழுத்து வலி என்று ரிப்போர்ட் போட்டால், உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பாலிசியில் ஒரு கிளேம் திறந்திருக்கும். பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதுவீர்கள், கம்பெனியின் கணினி ‘உண்டு’ என்று சொல்லும்.

ஏற்கெனவே தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றால் அடுத்த வருஷம் வரை காத்திருக்காதீர்கள். கிளேம் எதுவும் வருவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள், கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டுங்கள். அந்த அம்மா அன்றைக்கே மருமகனுக்குப் போன் போட்டு, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வரவழைத்து, ‘உண்டு’ என்று எழுதிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லியும் கிளேமை மறுத்தால், முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் இறுதிப் பதிலும் சரியில்லை என்றால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. இறுதிப் பதில் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். போகும்போது அந்த வாட்ஸ்அப் பதிலையும் பாரத்தின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.